நெத்தியில ரெண்டு துளை

ஜன்னலோரம் நீங்களே இருங்க சார். எனக்கு இந்த ஓரம்தான் வசதி. கட்டுப்போட்ட கையை இப்படி வெளியே நீட்டி வச்சுக்கலாம். யாராவது பையால இடிச்சா மட்டும் உயிர் போயிட்டு வரும்.

பேச்சு கொஞ்சம் குழறும், பொறுத்துக்குங்க. முன்பல் ரெண்டு இல்ல. விபத்தான்னு கண்டக்டர் கேட்டாரு, ஆமான்னு சொல்லிட்டேன். பொய்தான். டிக்கெட் வாங்கற நேரத்துல சொல்ற விஷயமில்ல பாருங்க. உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். அடி வாங்கினதுங்க. அலுமினியச் சட்டத்தால. முதல் அடி வாயில, ரெண்டாவது தோள்ல, மூணாவது இந்தக் கையில. வக்கீல் டைப் பண்ணி வச்சிருக்கிற காகிதத்துல ஏழு அடின்னு இருக்கு. ஏழு இல்ல சார், மூணு. அடி விழும்போது எவனாவது எண்ணுவானான்னு நினைப்பீங்க. நான் எண்ணுவேன். என் வேலையே எண்ணறதுதான்.

சேலம் வரைக்கும்தானே போறீங்க? நல்லது. ஒரு மணி நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும், ஆனா முழுசாக் கேட்டுட்டு சரின்னு தோணினா செய்யுங்க. உங்க சட்டைப் பையில பேனா இருந்ததைப் பார்த்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

என் பேரு மதியழகன். மெக்கானிக்கல் படிச்சேன். எங்க வீட்டுல முதல் பட்டதாரி. எங்க தெருவுலயும் நான்தான். அப்பா கல்லுக்குழியில வேலை, கைநாட்டு. ரேஷன் கடை, பேங்கு, எங்க போனாலும் கட்டைவிரல்ல மசியைத் தடவிகிட்டு நிப்பாரு. வீட்டுக்கு வந்து அரப்புத் தூள் போட்டுத் தேய்ப்பாரு, முழுசாப் போகாது. நான் ஆறாவது படிக்கும்போதே கையெழுத்துப் போட்டுப் பழகிட்டேன், சுழிச்சு, கீழே ஒரு கோடு இழுத்து. அப்பா அதைப் பார்த்துட்டே இருப்பாரு.

படிச்சு முடிச்சு ஒன்றரை வருஷம் சும்மா இருந்தேன். அப்புறம் திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில வேலை கிடைச்சுது. முன்ன லாரிக்கு பாடி கட்டிட்டு இருந்த பட்டறை. இப்ப கேம்பிங் டிரெய்லர் கட்டறாங்க. பார்த்திருக்கீங்களா? ஜீப்புக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவற தொட்டி, தலைக்கு மேல வரிசையா அலமாரி. ஏற்காடு, வால்பாறைன்னு மலைக்கு வர்ற டூரிஸ்டுகளைத் தங்க வைக்கிறவங்க வாங்குவாங்க.

முதலாளி பேரு சென்னியப்பன். நல்ல மனுஷன் சார். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நான் நன்றி கெட்டவன்னு நினைச்சிடக் கூடாது. இன்டர்வியூவுல என்னை உக்காரவே சொல்லல, ஆனா சர்டிபிகேட்டைப் பார்த்ததும் வேலை கொடுத்துட்டாரு. மேஜை மேல வைன்னாரு, வச்சேன், பேனா முனையால பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாரு. எவ்வளவு கவனமா இருந்தாரு தெரியுங்களா, ஒரிஜினல்ல கை அழுக்கு படக்கூடாதுன்னு. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்ல டீ வரும், எனக்கு மட்டும் பேப்பர் கப். குவாலிட்டி பார்க்கிறவன், சுத்தம் முக்கியம்னு அந்தச் சமையக்காரம்மாவே சொன்னாங்க.

என் வேலை வண்டி முடிஞ்சதும் சோதிக்கிறது. அறுபத்திரண்டு அயிட்டம் உண்டு. பிரேக், வயரிங், கேஸ் குழாய், கதவுக் கீல். கடைசி அயிட்டம் தண்ணி. வண்டி மேல நாலு பக்கமும் ஹோஸ் வச்சு இருபது நிமிஷம் பீய்ச்சுவாங்க, நான் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு டார்ச் அடிச்சு மூலை மூலையாப் பார்ப்பேன். வெக்கையில சட்டை பிழிஞ்செடுத்த மாதிரி ஆயிடும். ஒரு சொட்டு வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். சரியா இருந்தா ஷீட்டுல கையெழுத்து, சுழிச்சு, கீழே கோடு. அப்புறம் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின்லயே ஒரு நகல் எடுத்து என் ஃபைல்ல வச்சுக்குவேன். முத்து மாதிரி விழும். ரெண்டு வருஷத்துல இருபத்திமூணு வண்டி. இருபத்திமூணு ஷீட்டும் எங்கிட்ட இருக்கு.

சோதனை முடிஞ்ச மறுநாள் நல்ல நேரம் பார்த்து டெலிவரி. பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு அனுப்புவாங்க. அது எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எனக்கு ஏதாவது வேலை வந்துடும். கஸ்டமருக்குக் கொடுக்கிற காகிதமெல்லாம் மூணு நகல் வேணும், மதி, நீ போய் பஸ் ஸ்டாண்டுல ஜெராக்ஸ் எடுத்துட்டு வாம்பாரு முதலாளி. மொபெட்டுல நாலு கிலோமீட்டர். திரும்பி வர்றப்ப வண்டி போயிருக்கும். என் மேஜை ஓரத்துல இலைக்கீத்துல பொங்கல் இருக்கும், யாரோ வச்சுட்டுப் போயிருப்பாங்க. முக்கியமான காகிதத்தை வேற யாரை நம்பிக் கொடுப்பாரு சொல்லுங்க.

அங்க அடிதடி சகஜம் சார். ஃபோர்மேன் தங்கமுத்து அண்ணனுக்குக் கை சட்டுனு நீளும். வெல்டிங்ல ஒரு தையல் விட்டுப்போனா கையில இருக்கிறதாலயே போடுவாரு. ஒருதடவை ஒரு பெயின்டரை வண்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல நிறுத்தி, காது மடல் கிழியற அளவுக்கு அறைஞ்சாரு. அந்த ஆளு அப்படியே குனிஞ்சு காதைப் பொத்திக்கிட்டே பிரஷ்ஷை எடுத்துட்டான். ஆனா என்னை அவர் தொட்டதே இல்ல. ரெண்டு வருஷத்துல ஒரு விரல் பட்டதில்ல. கோபம் வந்தாக்கூட ரெண்டடி தள்ளி நின்னுதான் கத்துவாரு. படிச்ச பையன்னு ஒரு மரியாதை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன ஐப்பசியில முதல் வண்டி திரும்பி வந்துச்சு. கொடைக்கானல்காரர். உள்ள ஒழுகுது, பிளைவுட் உப்பிடுச்சுன்னு. நான் நம்பல. என் வண்டி ஒழுகாது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். முன்பக்கம் உச்சி இருக்கு பாருங்க, அதை நாங்க நெத்தின்னு சொல்வோம். அந்த நெத்திக்கு நடுவுல ஒரு இரும்புக் கொக்கி. அதுல திருஷ்டிக் கயிறு தொங்குது, கருப்புக் கயிறு, படிகாரம், காஞ்சுபோன மிளகாய். கொக்கியைக் கழட்டினா ரெண்டு ஸ்க்ரூ துளை, பசை கிசை ஒண்ணும் வைக்காம சும்மா ட்ரில் போட்டு முடுக்கினது. அந்தத் துளை வழியா மழைத்தண்ணி வெளித்தகட்டுக்கும் உள் பிளைவுட்டுக்கும் நடுவுல இறங்கிட்டே இருந்திருக்கு. வெளியே இருந்து பார்த்தா வண்டி பளபளன்னு இருக்கும். உள்ள பலகை ஊறின ரொட்டி மாதிரி.

நான் சோதிச்சப்ப அங்க துளை இல்ல. அப்ப யாரு போட்டது? வாங்கினவங்கதான். போட்டோ எடுத்தேன், அளவெடுத்தேன், கடிதம் எழுதினேன். வண்டி எங்க கம்பெனியை விட்டுப் போன பிறகு வெளியாளால போடப்பட்ட துளை, ஆகையால் வாரண்டி செல்லாதுன்னு. கீழே கையெழுத்து. முதலாளி படிச்சுப் பார்த்துட்டுத் தலையாட்டினாரு. எழுத்து நல்லாருக்குன்னாரு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொன்னேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாப் புகார் வந்துச்சு. மொத்தம் ஏழு. ஏழுலயும் அதே கொக்கி, அதே ரெண்டு துளை. கொடைக்கானல்காரர் ரெண்டாவது தடவை வந்து ஆபீஸ் கண்ணாடியைக் கல்லால உடைச்சாரு. ஒரு வால்பாறைக்காரர் அழுகின பிளைவுட்டை மூட்டையாக் கட்டிட்டு வந்து என் மூஞ்சி மேல எறிஞ்சாரு. வாயெல்லாம் மரத்தூளு, பூஞ்சைக் காளான் நாத்தம். துப்பிட்டு, அவர் எறிஞ்ச துண்டையும் அளந்து எழுதி வச்சேன்.

எல்லாருமே நாங்க துளை போடல, உங்காளுங்கதான் போட்டாங்கன்னு சொன்னாங்க. வாரண்டி கேக்கிறவங்க வேற எப்படிச் சொல்வாங்கன்னு நினைச்சேன். இருந்தாலும் மனசுல ஒரு உறுத்தல். ஏழு பேரும் எப்படி ஒரே இடத்துல, நூல் பிடிச்ச மாதிரி நடுவுல போட்டாங்க? தங்கமுத்து அண்ணன்கிட்ட கேட்டேன். நெத்தியில பொட்டு நடுவுலதான்டா வைப்பாங்க, காது கிட்டயா வைப்பாங்கன்னாரு. கூட இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஏழாவது ஆளுதான் வடமலை.

ஏற்காட்டுக்காரர். இருபது வருஷம் லாரி ஓட்டினவரு, வயசு ஐம்பது இருக்கும். அவரும் அவர் சம்சாரம் செண்பகமும் ஒரு டிரெய்லரை வாங்கி, காப்பித் தோட்டத்து ஓரமா நிறுத்தி, வர்றவங்களுக்குச் சமைச்சுப் போட்டுப் பொழைச்சுகிட்டு இருந்தாங்க. ஒழுகுதுன்னு மூணு தடவை எனக்கு போன் பண்ணினாரு. முதல் தடவை தம்பின்னாரு. ரெண்டாவது தடவை சார்னாரு. மூணாவது தடவை தம்பியும் இல்ல, சாரும் இல்ல. அலமாரி ஆடுது, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போச்சு, வந்து பாருங்கன்னாரு. பூஜையன்னைக்கு உங்க முதலாளி கையால கொடுத்து உங்க ஃபோர்மேன் முடுக்கின கொக்கி அதுன்னாரு. நான் சொன்னேன், நான் என் கண்ணால பார்க்கிறதை மட்டும்தான் எழுதுவேங்கன்னு. சொன்னது தப்பா சார்? அதுதானே நேர்மை?

மத்தவங்களுக்குப் போன மாதிரியே வாரண்டி செல்லாதுன்னு கடிதம் போச்சு. ஒரு வாரம் கழிச்சு அந்த அலமாரி விழுந்துச்சு. பிளைவுட்டுல ஸ்க்ரூ நிக்கல, பாத்திரம் பண்டத்தோட முழு வரிசையும் பிச்சுகிட்டு வந்திருக்கு. கீழே அந்தம்மா உக்காந்து காய் நறுக்கிட்டு இருந்தாங்க. கழுத்தெலும்பு உடைஞ்சுது. முன்னால இருந்த அரிவாள்மணை தொடையில ஏறிடுச்சு.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில பத்தரை மணிக்கு அவர் வந்தாரு.

டிரெய்லரை ஜீப்புல மாட்டி இழுத்துகிட்டே வந்து, நிறுத்தாம கேட்டுல விட்டாரு. ஒரு கதவு கீலோட பிடுங்கிட்டுப் போய் பெயின்ட் டின்னுங்க மேல விழுந்துச்சு. வாட்ச்மேன் சுவரேறிக் குதிச்சுட்டாரு. ஜீப் நின்னதும் இறங்கினாரு. ஒரு கையில அந்த அலமாரியோட அலுமினியச் சட்டம். ஒரு முனையில காஞ்ச ரத்தம், அந்தம்மாவோடதுதான். இன்னொரு கையில என் கடிதம்.

"எவன்டா மதியழகன்?"

அங்க இருபது பேரு இருந்தாங்க. இருபது பேரும் என் ரூமைக் கைகாட்டினாங்க. தப்பில்ல, என் ரூம் அதுதானே.

நான் வெளியே வந்தேன். வணக்கம்னு கை குவிச்சேன்னு நினைக்கிறேன். குவிச்ச கைக்கு மேல வாயில விழுந்துச்சு முதல் அடி. பல்லு நாக்கு மேல கிடந்துச்சு, துப்பலாமா முழுங்கலாமான்னு யோசிச்சேன். ரெண்டாவது அடியில விழுந்துட்டேன். மூணாவதுக்குக் கையை மேல தூக்கினேன், வலது கை. கேட்டுச்சு சார், உள்ள ஒடியறது. அதுக்கப்புறம் அவர் அடிக்கல. சட்டத்தைக் கீழே போட்டுட்டு என் நெஞ்சு மேல ஏறி உக்காந்து, கழுத்தைப் பிடிச்சுத் தலையைத் தூக்கினாரு. ரெண்டு வருஷத்துல அந்தக் காம்பவுண்டுக்குள்ள என் மேல ஒரு மனுஷன் கை பட்டது அதுதான் முதல்.

போனை எடுத்து என் கண்ணுக்கு நேரா வச்சாரு.

"கண்ணால பார்த்தாத்தான் எழுதுவியாமே. பாருடா."

பார்த்தேன். அவர் வண்டி டெலிவரி எடுத்த அன்னைக்கு அந்தப் போன்லயே அவர் சம்சாரம் பிடிச்ச வீடியோ. வண்டிக்கு மாலை போட்டிருக்கு. முதலாளி சம்சாரம் ஆரத்தி சுத்தறாங்க. பூசணிக்காய் உடைக்கிறாங்க. அப்புறம் முதலாளி ஒரு தாம்பாளத்துல இருந்து கொக்கியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு மேல நீட்டறாரு. ஏணியில தங்கமுத்து அண்ணன். கையில ட்ரில். நான் முந்தின நாள் இருபது நிமிஷம் தண்ணியில உக்காந்து சோதிச்ச நெத்தியில, நடுவுல, ட்ரில் இறங்குது. வெள்ளைத் துகள் பறக்குது. எல்லாரும் கை தட்டறாங்க.

அதைவிட ஒண்ணு பார்த்தேன். எல்லாரும் இருந்தாங்க சார். வெல்டர், பெயின்டர், வாட்ச்மேன், சமையக்காரம்மா, எதிர்க்கடை டீ மாஸ்டர் கூட இருந்தாரு. எல்லார் நெத்தியிலயும் சந்தனம். அடி வாங்கி ரத்தம் குடிச்சுட்டுக் கிடக்கேன், அந்த நேரத்துல எனக்கு ஏன் அது கண்ணுல பட்டுச்சுன்னு தெரியல. நான் எங்கன்னு அந்தக் கூட்டத்துல தேடினேன். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

வீடியோ முடியல, அதுக்குள்ள அவரை என் மேல இருந்து பிடுங்கினாங்க. இழுவைச் சங்கிலியை ரெண்டா மடிச்சு முதுகுல போட்டாங்க. அவர் சத்தமே போடல. தங்கமுத்து அண்ணன் முதல்ல போனை வாங்கித் தரையில வச்சுச் சுத்தியலால அடிச்சாரு, நாலு அடி. அப்புறம் போன் பிடிச்ச கையை வச்சு அதே சுத்தியலால அடிச்சாரு. அப்பத்தான் வடமலை கத்தினாரு. கத்தினதும் தலைமுடியைப் பிடிச்சு அவர் வண்டியோட இழுவைக் கம்பியிலயே மோதினாங்க. மூணு தடவை. ஊறிப்போன பிளைவுட்டை முழங்கால்ல வச்சு உடைச்சா ஒரு சத்தம் வரும், சுள்ளுனு வராது, மொத்துனு வரும். மூணாவது தடவை அந்தச் சத்தம்.

முதலாளி போர்டிகோவுல நின்னுட்டு இருந்தாரு.

"போதும்டா, வண்டியில ரத்தம் படுது."

நிறுத்திட்டாங்க. அவர் சொன்னா சொன்னதுதான்.

நான் அங்கேயே கிடந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். யாரும் தூக்கல. தெரியாம தூக்கினா எலும்பு நகர்ந்துடும், ஆம்புலன்ஸ்காரங்களே தூக்கட்டும்னு தங்கமுத்து அண்ணன் சொல்லிட்டாரு. விவரமான ஆளு. தண்ணி கேட்டேன். சமையக்காரம்மா பேப்பர் கப்புல கொண்டுவந்து பக்கத்துல வச்சுட்டுப் போனாங்க. எடுத்துக் குடிக்கக் கை எழும்பல.

ஒம்பது நாள் ஆச்சு. வடமலை சேலம் பெரியாஸ்பத்திரியில இருக்காரு. இன்னும் கண்ணு முழிக்கல. அதே ஆஸ்பத்திரியில பொம்பளைங்க வார்டுல அந்தம்மா. அவர் மேல கொலை முயற்சி கேஸ், என்னைக் கொல்ல வந்தாருன்னு. கண்ணு முழிச்சா ஜெயிலு. முழிக்காமலே போயிட்டா, அவரே தடுமாறி இழுவைக் கம்பியில விழுந்தாருன்னு முடிச்சிடுவாங்க. அந்த வீடியோவை அவர் யாருக்கும் அனுப்பல போல. அனுப்பியிருந்தா இந்நேரம் வெளிய வந்திருக்கும். ஆக, அதைப் பார்த்த வெளியாளு உலகத்துல நான் ஒருத்தன்தான். பாருங்க, வெளியாளுன்னு என்னையே சொல்லிட்டேன்.

தங்கமுத்து அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வார்டு வாசல்லயே நின்னு பேசினாரு. எனக்கும் தெரியும்டா அது வழியாத்தான் தண்ணி இறங்குதுன்னு, கொஞ்சம் பசை வைக்கட்டுமான்னு கூடக் கேட்டேன், சாமி காரியத்துல போடற துளைக்குப் பசை எதுக்குன்னு முதலாளி சொல்லிட்டாரு, அதைப் போய் குத்தம்னு எப்படி எழுதறதுன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவரும் பாவம்தான்.

முந்தாநாள் முதலாளியே வந்தாரு, எங்க தெரு வரைக்கும். உள்ள வரல. கார் தெருமுனையில நிக்குது, மதியை வரச் சொல்லுன்னு ஆள் விட்டாரு. எங்க தெருவுக்குள்ள தண்ணி லாரியே வந்து திரும்பும். புதுக் கார், கீறல் விழும்னு யோசிச்சிருப்பாரு. நான் கையைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு நடந்து போனேன். கண்ணாடியை இறக்கி, எப்படி இருக்கேன்னு கேட்டாரு. வாக்குமூலம் வக்கீல்கிட்ட தயாரா இருக்கு, நாளன்னைக்குப் பதினோரு மணிக்குச் சேலம் போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு, கை சரியானதும் நீதான் வாரண்டி மேனேஜர்னாரு. எழுத முடியாதுங்களேன்னு கையைக் காட்டினேன்.

"கையெழுத்து எதுக்கு? உங்கப்பன் வைக்கிற மாதிரி இடது கை ரேகை வச்சா போதும்."

சாதாரணமாத்தான் சொன்னாரு. என் நிலைமைக்குச் சுலபமா இருக்கட்டும்னு. அப்பா பின்னால நின்னுட்டு இருந்தாரு. கார் போன பிறகு அவர் கட்டைவிரலைப் பார்த்துட்டே இருந்தாரு.

அந்த வாக்குமூலத்தோட நகல் எங்கிட்ட இருக்கு, படிச்சேன். துளையை வடமலையே போட்டாருன்னு இருக்கு. குடிச்சிருந்தாருன்னு இருக்கு. வாடையே இல்ல சார், என் மூக்குக்கு நேரா இருந்தது அவர் வாயி. ஏழு அடின்னு இருக்கு. கீழே ஒரு காலியிடம் விட்டு, இடது பெருவிரல் ரேகைன்னு அச்சடிச்சிருக்கு. முந்தாநாள்ல இருந்து நான் தூங்கல. அந்த வேலை போயிட்டா மறுபடி சும்மாதான் உக்காரணும், அது தெரியும். அதுக்கு மேலயும் பயம் இருக்கு. தங்கமுத்து அண்ணன் கையில அந்தச் சுத்தியலைப் பார்த்திருக்கேனே.

அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். நான் வக்கீல் ஆபீசுக்குப் போகல. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அந்தம்மா கையில ஒரு கடிதம் கொடுத்துடணும், நான் பார்த்ததை எழுதி. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதித் தரணும். அவ்வளவுதான் உதவி. வெள்ளைக் காகிதம் நான் கொண்டாந்திருக்கேன். கையெழுத்து நான் போட்டுக்குவேன், ரெண்டு நாளா இடது கையால பழகறேன். சுழி வருது, கோடுதான் கோணலாப் போகுது.

ரொம்ப நன்றிங்க. இந்த அட்டையை மடியில வச்சுக்குங்க, பஸ் ஆட்டத்துக்கு நல்லா இருக்கும்.

எழுதுங்க. என் பெயர் மதியழகன். நான் அந்தக் கம்பெனியில தர ஆய்வாளர். வாரண்டி மறுத்து நான் எழுதிய ஏழு கடிதங்களும் தவறானவை. அதை முதல்ல எழுதிடுங்க, என் தப்பு முதல்ல வரட்டும். வடமலை என்னை மூன்று முறை அடித்தார். ஆமா, அதையும் எழுதணும், அடிச்சாருதானே. மூணுன்னு எழுத்தால எழுதுங்க, எண்ணுல எழுதினா மாத்திடுவாங்க. பிறகு தன் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் நான் என் கண்ணால் பார்த்தது.

கொக்கி, ஏணி, ட்ரில், எல்லாம் எழுதிட்டீங்களா? சங்கிலி? சுத்தியல்? தலையை மோதினது மூணு தடவை, அதுவும் எழுத்தால. சரி. அடுத்து எழுதுங்க. துளை போடப்பட்ட பூஜையின்போது நான் அங்கே இல்லை. அதனால் எனக்கு அது தெரியாது.

ஏன் சார் நிறுத்திட்டீங்க?

ஏன் இல்லைன்னா... ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன்னு சொன்னேனே.

ஆமா. ஆபீஸ்ல மெஷின் இருக்கு. நான்தான் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலயே வாங்கினது. முதலாளிகிட்ட கேட்டேன் சார், இங்கேயே எடுத்துடலாமேன்னு. அதுல கருப்புக் கோடு விழுது, நீ பஸ் ஸ்டாண்டுக்கே போன்னாரு.

இல்ல. என் ஷீட்டெல்லாம் அதுல முத்து மாதிரிதான் விழும்.

கொண்டலாம்பட்டி வந்துடுச்சு போல, சேலம் கிட்டத்துல வந்துட்டோம். கொஞ்சம் இருங்க சார்.

இருபத்திமூணு வண்டி. இருபத்திமூணு தடவையும் ஜெராக்ஸ். ஒரு தடவை ஞாயித்துக்கிழமை, கடையே மூடியிருந்துச்சு. திரும்பி வந்து சொன்னப்ப, பரவாயில்ல, காகிதம் கொடுத்தாச்சுன்னாங்க. நகல் இல்லாமலே கொடுத்துட்டாங்க. அப்பக்கூட நான் யோசிக்கல. மேஜை ஓரத்துல பொங்கல் இருந்துச்சு, சாப்பிட்டேன்.

அந்தப் பேப்பர் கப்பு.

அறுபத்திரண்டு அயிட்டம் பார்ப்பேன் சார் நான். ஒரு ஸ்க்ரூ தலை தேஞ்சிருந்தாக்கூடத் திருப்பி அனுப்புவேன்.

தண்ணி வேணாம் சார், பரவாயில்ல. கடைசியா எழுதின வரி இருக்குல்ல, நான் அங்கே இல்லைன்னு, அதை அடிச்சிடுங்க. அது சரியில்ல. அடிச்சுட்டு மேல இப்படி எழுதுங்க. இருபத்திமூன்று முறையும் என்னை அங்கே இருக்க விடவில்லை.

ஆமா. விடவில்லை. அப்படியே இருக்கட்டும்.

பேனாவை இப்படிக் கொடுங்க. கையெழுத்து எங்க, இங்கயா? காகிதம் நகருது சார், ஓரத்தை ஒரு கை பிடிச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். என் கை மேல பட்டா... சரிங்க. அப்படியே பிடிச்சுக்குங்க.